சாந்தோமில் இரண்டு வாசல்: ஒரு திருத்தம்

நாலு வருடத்துக்கு முன்னால் எழுதிய ஒரு குறிப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. திருத்தம் என்னவோ ரெண்டு வரிதான். ஆனால் அதை எழுத அணைக்கட்டிலிருந்து சாந்தோம் வரைக்கும் நைனாவோடு போய் வர வேண்டியிருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். (எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.)

நைனா 1974-லிருந்து 1979 வரை லாரியில் கிளீனராக இருந்தார். ஆம்பூரிலோ பேர்ணாம்பட்டிலோ தோல் ஏற்றி, பள்ளிகொண்டா, வேலூர், ராணிப்பேட்டை, காவேரிப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி வழியாக மெட்ராஸ் பெரியமேட்டில் கொண்டுபோய் இறக்குவார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல். நூறு வருடத்துக்கு மேலாக எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோல் பாதிப் பதத்திலேயே மெட்ராஸ் துறைமுகம் வழியாக வெளிநாடு போய்க்கொண்டிருந்தது. 1973-ல் அரசாங்கம் அந்தப் பாதிப் பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, முழுசாகப் பதனிட்ட தோல், ஷூவின் மேல்பாகம், ஷூ என்று தொழில் மெல்ல மெல்ல மாறியது. நைனா லாரியில் ஏறியது அந்த மாற்றத்தின் ஆரம்ப வருடங்களில்.

பெரியமேட்டில் சரக்கு இறக்கினால் உடனே திரும்ப முடியாது. தோலை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் முழுநாளும் சும்மாதான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, 1975 வாக்கில், லாரி டிரைவர் நைனாவை சாந்தோம் தேவாலயத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். டிரைவர் ஆம்பூர்க்காரர், கிறிஸ்தவர். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. நைனா போனது வேடிக்கை பார்க்க.

சின்ன வயசிலிருந்து அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். நைனா சொல்வது இதுதான்: "உள்ள பூசை நடந்துகினு கீது. ஜனங்க மண்டிபோட்டுகினு கீறாங்க. நடுவுல படி. அதுல எறங்கினா கீழ கல்லறை. மேல பாட்டு, கீழ நாங்க. தலைக்கு மேல அவ்ளோ ஜனம்." கதையின் முடிவில் ஒரு பொட்டலம் வரும். கல்லறையிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, காய்ச்சலில் படுத்திருந்த பாட்டியிடம் கொடுத்தாராம். பாட்டி அதை நெற்றியில் பூசிக்கொண்டு மீதியைச் சாமி மாடத்தில் ஒரு மஞ்சள் டப்பாவில் வைத்திருந்தாள். அந்த டப்பாவை நானே பார்த்திருக்கிறேன்.

என் பழைய குறிப்பு இந்தக் கதையைப் பற்றியதுதான். அதில் இரண்டு காரியம் செய்திருந்தேன். முதலாவது, படி பற்றிய விஷயத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: நைனா வேறு ஏதோ ஓர் இடத்தோடு குழப்பிக்கொள்கிறார், சாந்தோமில் கல்லறைக்கு வாசல் கோயிலுக்கு வெளியேதான். இதற்கு ஆதாரம், 2011-ல் நானே போய்ப் பார்த்தது. இரண்டாவது, அந்த மண்ணைப் பற்றி ஒரு பத்தி. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, தோமையார் இறந்த இடத்துச் சிவந்த மண்ணை யாத்திரிகர்கள் எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். எழுநூறு வருடப் பழக்கம் அணைக்கட்டில் எங்கள் வீட்டு மாடம் வரை வந்துவிட்டது என்று சந்தோஷமாக எழுதியிருந்தேன்.

அக்கா மகள் அந்தக் குறிப்பை நைனாவுக்குப் போனில் படித்துக் காட்டியிருக்கிறாள். "குழப்பிக்கினேன்னு எழுதிட்டானா?" என்று மட்டும் கேட்டாராம். அதற்கப்புறம் லாரிக் கதை எதையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. நானாகக் கேட்டால், "அதெல்லாம் மறந்துபோச்சி" என்று முடித்துவிடுவார்.

போன வருடம் வேறு ஒரு விஷயத்துக்காக சாந்தோம் கட்டடத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோயிலுக்கு இரண்டு கோபுரம். முகப்பில் உயரமாக ஒன்று, கூரையின் நடுவில் சின்னதாக ஒன்று. நடுவில் இருப்பது எதற்கு என்று தேடியபோதுதான் தெரிந்தது: அதற்கு நேர் கீழேதான் கல்லறை. 16-ம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கட்டிய பழைய கோயிலை இடித்துவிட்டு 1893-லிருந்து 1896-க்குள் இப்போதுள்ள கோயிலைக் கட்டியபோது, கல்லறையைக் கட்டடத்தின் நடுவில் வைத்து, அதன் தலைக்கு மேல் ஒரு கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். கல்லறைக்கு இறங்கும் வழியும் கோயிலுக்கு உள்ளேயே இருந்திருக்கிறது. 2000-க்குப் பிறகு நடந்த பெரிய புதுப்பிப்பில்தான், வழிபாட்டுக்குத் தொந்தரவு இல்லாமல் யாத்திரிகர்கள் போய்வர வசதியாக, கல்லறைச் சிற்றாலயத்தைத் தனியாக்கி வெளியே வாசல் வைத்தார்கள்.

அதாவது, 2011-ல் பார்த்ததை வைத்துக்கொண்டு 1975-ஐத் திருத்தியிருக்கிறேன்.

இந்த மாதிரிக் கட்டுரைகள் இப்போது நிறைய வருகின்றன. அப்பாவோ அம்மாவோ எப்போதோ போன ஊருக்குப் பிள்ளை அவர்களைத் திரும்பக் கூட்டிப்போய் எழுதுவது. எனக்கும் படிக்கப் பிடிக்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரு நினைப்பு அடியில் ஓடுகிறது: இடம் அப்படியே இருக்கும், ஞாபகம்தான் பிசகும். பெரியவர் "இங்க ஒரு கிணறு இருந்துச்சே" என்பார், பிள்ளை வாசகரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடும். பெரியவரின் தடுமாற்றம் கட்டுரைக்கு உருக்கம் சேர்க்கும். கிணறு நிஜமாகவே இருந்ததா என்று பஞ்சாயத்து ஆபீஸில் விசாரிக்கிறவர்கள் குறைவு. நான் இன்னும் ஒரு படி மேலே போய், தடுமாற்றம் என்று தீர்ப்பே எழுதிவிட்டேன்.

இத்தனைக்கும் தோமையார் விஷயத்தில் நான் ரொம்ப நிதானமானவன். அவர் இந்தியா வந்தாரா, மயிலாப்பூர் வந்தாரா என்பது பழைய வழக்கு. 3-ம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட 'தோமா நடபடிகள்' என்ற நூல் அவரை ஒரு வியாபாரிக்கு விற்கப்பட்ட தச்சராக, கொண்டபரேஸ் என்ற அரசனின் நாட்டுக்கு அனுப்புகிறது. அற்புதங்கள் மலிந்த கதை அது. அரசன் பெயரும் கற்பனையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். 19-ம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பக்கம் நாணயங்கள் கிடைக்க ஆரம்பித்தன. அவற்றில் அதே பெயர் இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் வடமேற்கில் ஆண்ட நிஜமான அரசன்! இதனால் நூலில் உள்ள மற்றதெல்லாம் உண்மையாகிவிடவில்லை. மயிலாப்பூரும் அதில் கிடையாது. ஆனால் ஒரு கதையை மொத்தமாக ஏற்கவோ மொத்தமாகத் தள்ளவோ கூடாது, விவரம் விவரமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் காட்டுகிற உதாரணம் இதுதான்.

கல்லறையும் அப்படித்தான். 4-ம் நூற்றாண்டில் எபிரேம் என்ற சிரியாக் கவிஞர், ஒரு வியாபாரி தோமையாரின் எலும்புகளை இந்தியாவிலிருந்து எடெசா நகரத்துக்கு எடுத்துவந்ததாகப் பாடியிருக்கிறார். அங்கிருந்து கீயோஸ் தீவு, பிறகு 1258-ல் இத்தாலியின் ஒர்டோனா என்று அந்த எலும்புகளின் பயணத்தைச் சொல்கிறார்கள். இதன்படி மயிலாப்பூரில் இருப்பது பெரும்பாலும் காலியான கல்லறை. ஆனாலும் போர்த்துகீசியர் 1523-ல் இங்கே தோண்டி எலும்பும் ஈட்டிமுனையும் மண் நிரம்பிய பாத்திரமும் கண்டெடுத்ததாக எழுதிவைத்தார்கள். இந்தச் சாட்சிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோட்டு ஒரு காலத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பயணத்துக்குக் காட்டிய அந்தப் பொறுமையை, பக்கத்து அறையில் உட்கார்ந்து டீ குடிக்கிற மனுஷரிடம் நான் காட்டவில்லை.

தை மாதம் நைனாவிடம் போய்ச் சொன்னேன். "நான் எழுதினது தப்பு. படி உள்ளதான் இருந்திருக்குது. வா, ஒருவாட்டி போய்ப் பார்த்துட்டு வரலாம்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "பெரியமேடு வழியா போலாமா?" என்று கேட்டார்.

அணைக்கட்டிலிருந்து பஸ்ஸில் வேலூர், காட்பாடியில் ரயில், சென்ட்ரலில் இறங்கி நடந்தோம். பெரியமேட்டில் இன்னும் தோல் கடைகள் இருக்கின்றன. ஷூவுக்கான அட்டை, சோல், பக்கிள், பசை விற்கிற கடைகளும் நிறைய. நைனா ஒரு சந்து முனையில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். "வாசனையே இல்லியே" என்றார். அந்தக் காலத்தில் சென்ட்ரலில் இறங்கினாலே ஆவாரம்பட்டை வாசம் வரும் என்று அவர் சொன்னதை, இந்தத் தடவை சந்தேகப்படாமல் எழுதிக்கொண்டேன்.

பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறி, கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கி சாந்தோம் நெடுஞ்சாலையில் நடந்தால் தூரத்திலேயே வெள்ளைக் கோபுரம் தெரிகிறது. வாசலில் நைனா செருப்பைக் கழற்றினார். நான் எதுவும் சொல்லவில்லை, நானும் கழற்றினேன். உள்ளே பூசை எதுவும் இல்லை. பெஞ்சுகளில் அங்கங்கே சிலர். நேரே கோயிலின் நடுப்பகுதிக்கு நடந்தார். அங்கே நின்று முதலில் மேலே பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். காலால் ஒருமுறை தரையைத் தேய்த்தார்.

பக்கத்து பெஞ்சில் செபமாலையோடு உட்கார்ந்திருந்த வயசான அம்மா ஒருவர் கவனித்துவிட்டு, "கல்லறைக்குப் போகணும்னா பின்பக்கம் போங்கய்யா" என்றார்.

"முன்ன இங்க படி இருந்துச்சில்ல?" என்று நைனா கேட்டார்.

"ஆமா. நாங்க சின்னப் பிள்ளைங்களா இருக்கும்போதெல்லாம் இப்படித்தான் இறங்குவோம்."

நைனா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "சரி, கீழ போலாம் வா" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து சுற்றிக்கொண்டு போய்ப் படியிறங்கினால் கல்லறைச் சிற்றாலயம். சுத்தமாக, வெளிச்சமாக, அமைதியாக இருக்கிறது. பீடத்துக்குக் கீழே தோமையார் படுத்திருக்கிற சிலை. நாலைந்து பேர் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் அவசரப்படுத்தவில்லை. நைனாவும் பத்து நிமிஷம் உட்கார்ந்தார். வெளியே வந்ததும் சொன்னார்: "நல்லாத்தான் கீது. ஆனா சத்தம் இல்ல. அன்னிக்கி மேல பாட்டு சத்தம் கேக்கசொல்லோதான் கீழ எறங்கிகீறோம்னே தெரிஞ்சுது."

ஒரு கட்டடத்தைப் பற்றி இதைவிடச் சரியான விமரிசனத்தை நான் படித்ததில்லை. 1896-ன் கட்டடம் ஒரு செங்குத்துக் கோடு. கோபுரம், அதன் கீழே கும்பிடுகிற ஜனம், அதன் கீழே கல்லறை. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதால்தான் நடுவில் அந்த இரண்டாவது கோபுரத்துக்கு வேலையே. இன்றைக்கும் கோடு அங்கேதான் இருக்கிறது, கல்லறை நகரவில்லை. ஆனால் ஒரு மனுஷன் அந்தக் கோட்டில் இறங்க முடியாது. பக்கவாட்டில் நடந்துபோய் வேறு ஓர் இடத்துக்குள் நுழைவதாகத்தான் உடம்புக்குத் தோன்றுகிறது. 2011-ல் எனக்கும் அதுதான் தோன்றியது. மேலே கோயில், பின்னால் கல்லறை என்று இரண்டு தனி இடமாக மனசில் பதிந்துவிட்டதால்தான் நைனாவின் படியை என்னால் நம்ப முடியவில்லை. என் பிழை என்னுடையதுதான், ஆனால் அதற்குப் புது வாசலும் ஒரு காரணம்.

அப்போஸ்தலரின் கல்லறைமேல் கட்டியது என்று உலகத்தில் எப்போதும் சேர்த்துச் சொல்லப்படுகிற கோயில்கள் மூன்று: ரோமில் பேதுரு, ஸ்பெயினின் சந்தியாகோவில் யாக்கோபு, இங்கே தோமா. ரோமில் பெரிய பீடத்துக்கு முன்னால் தரை தாழ்ந்து ஒரு பள்ளமாக இருக்கும். கோயிலில் நிற்கிறவர் கீழே எட்டிப்பார்க்கலாம். அதற்கும் அடியிலுள்ள பழைய இடுகாட்டுக்குப் போகத்தான் தனி வழி, முன்பதிவு எல்லாம். சந்தியாகோவில் பீடத்துக்கு அடியில் கல்லறை அறை, கோயிலுக்குள்ளிருந்தே அதற்குப் படி. இரண்டு இடத்திலும் கூட்டம் நம்மூரைவிடப் பல மடங்கு. ஆனாலும் மேலுக்கும் கீழுக்கும் இடையில் ஏதாவது ஒரு திறப்பை விட்டுவைத்திருக்கிறார்கள்.

நைனா இதை வேறு மாதிரி சொன்னார்: "கோயில்ல கருவறைக்குப் போவ தெருவுலேர்ந்து தனியா ஒரு வாசல் வெச்சாப்புல."

இதற்கு மறுபக்கமும் உண்டு. பூசை நடக்கும்போது நடுவில் ஆட்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தால் கும்பிடுகிறவர்களுக்கு எப்படி இருக்கும்? கல்யாணம் நடக்கும், அடக்கப் பூசை நடக்கும், பக்கத்திலேயே வெளியூர்க் கூட்டம் வரிசைகட்டி நிற்கும். 1975-ல் தோல் நாற்றம் அடிக்கிற அரைக்கால் சட்டையோடு, சிலுவை போடக்கூடத் தெரியாமல் நடுப் பூசையில் படியிறங்கிய இருபது வயசுப் பையன் நிச்சயம் ஒரு தொந்தரவுதான். நைனாவே ஒத்துக்கொண்டார்: "ஒரு கிழவன் மொறைச்சான். அப்பால தள்ளி உக்காந்து வழிவிட்டான்."

புது வாசல் வந்ததும் முறைக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. வழிவிட வேண்டிய அவசியமும் அதோடு சேர்ந்து போய்விட்டது. கும்பிட வந்தவருக்கு ஒரு கதவு, பார்க்க வந்தவருக்கு ஒரு கதவு என்றான பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளத் தேவையில்லை. வசதிதான். நைனா ஐம்பது வருடமாக ஞாபகம் வைத்திருப்பது என்னவோ வசதியாக இல்லாத அந்த ஐந்து நிமிஷத்தை.

கோயிலின் பின்பக்கம் கடலைப் பார்த்தபடி தோமையார் கம்பம் நிற்கிறது. கடல் உள்ளே வராமலிருக்க அவர் நட்டது என்பது ஐதீகம். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கதைக்கு இன்னும் மவுசு. கம்பத்தைத் தாண்டி மணலில் உட்கார்ந்தோம். நைனா மணலைக் கையில் அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தக் கல்லறை மண்ணு கீதே. அது கல்லறை மண்ணு இல்லடா."

டிரைவர் கீழே மண்டிபோட்டு ரொம்ப நேரம் இருந்தாராம். நைனாவுக்கு எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியவில்லை. பயந்துகொண்டு வெறுங்கையோடு மேலே வந்துவிட்டார். ஊருக்குப் போனால் அம்மாவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று, வெளியே வந்து இதே கடற்கரையில் பீடிக் கட்டுக் காகிதத்தில் கொஞ்சம் மணலை மடித்துக்கொண்டார்.

"ஆயாகிட்ட சொல்லவே இல்லியா?"

"எப்டி சொல்றது? காய்ச்சல் நின்னுபோச்சே."

எனக்கு அந்த மஞ்சள் டப்பா கண்முன்னால் வந்தது. உள்ளே இருந்தது வெளிறிய மணல். அதில் ஒரு துணுக்குச் சிப்பி கூட இருந்தது, சின்ன வயசில் அதை எடுத்து விளையாடி அடி வாங்கியிருக்கிறேன். மார்கோ போலோ சொன்னது சிவந்த மண். இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே பத்தியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியும் எனக்கு உறைக்கவில்லை, ஏனென்றால் மண் என் கட்டுரைக்கு வேண்டியிருந்தது. படி வேண்டியிருக்கவில்லை. அதனால் அதை மட்டும் சோதித்தேன்.

திரும்பும்போது ரயிலில் காவேரிப்பாக்கம் டீக்கடை, ராணிப்பேட்டையில் பஞ்சரான ராத்திரி என்று ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. காட்பாடி வரை பேசிக்கொண்டே வந்தார். நடுவில், "இதையும் எழுதுவியா?" என்று கேட்டார். "மணல் கதையை எழுதட்டுமா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆயா போயி ரொம்ப வருசம் ஆச்சி. எழுது. ஆனா படியைப் பத்தி மொதல்ல எழுது" என்றார்.

ஆகவே திருத்தம், அவர் சொன்ன வரிசையிலேயே:

ஒன்று. 1975-ல் சாந்தோம் கோயிலின் உள்ளேயிருந்தே கல்லறைக்குப் படி இருந்தது. நைனா குழப்பிக்கொள்ளவில்லை. அடைப்புக்குறிக்குள் நான் எழுதிய வரியை நீக்கிவிட்டேன்.

இரண்டு. எங்கள் வீட்டு மாடத்தில் இருந்தது கடற்கரை மணல்.